ஏன் என்று அறியாத அவசியம்

காரைக்காலைச் சேர்ந்த கருக்களாச்சேரிக்கு மீன்பிடித் தடைக்காலத்தில் சென்றால், கடற்கரை ஒரு பட்டறைபோல் காட்சியளிக்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குள் செல்லலாகாது என்பது சட்டம். அவை துறையில் கட்டிக் கிடக்கும் அந்நாட்களில், சிறு படகுகள் பலவற்றையும் மணலில் கவிழ்த்துப் போட்டு, ஓட்டை அடைத்து, வண்ணம் பூசி, வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். சென்ற தடைக்காலத்தில், என்னிடம் பள்ளியில் தமிழ் படித்த மீனவக் குடும்பத்துப் பெண்ணொருத்தி ஊருக்கு வந்திருப்பதாகச் சொல்லியனுப்பினாள். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் நுண்ணுயிரியல் ஆய்வு செய்பவள். காசநோய்க் கிருமியின் ஜீன் ஒன்றைப் பற்றியதே அவளது ஆய்வு. என்ன ஜீன் அது, அதன் பெயரென்ன என்று கேட்டேன்.

"பெயர் கிடையாது சார், எண் மட்டும்தான். அது இல்லாவிட்டால் கிருமி செத்துப்போகும். ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது" என்றாள்.

வீடு திரும்பிய பிறகும் இச்சொற்கள் என்னை விட்டு அகலவில்லை. ஒன்று அவசியம் என்பது திட்டமாகத் தெரிகிறது. எதற்காக அவசியம் என்பது தெரியவில்லை. இவ்விரண்டும் ஒரே பொருளைப் பற்றி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கக் கூடுமா? கூடுமெனில், முன்னதை அறிவு என்று சொல்லலாமா, அன்றி அதுவும் ஒருவகை அறியாமைதானா? மத்ரஸாவில் தர்க்கம் படித்தவனுக்கு இக்கேள்வி புதிதன்று. ஆனால் அதற்கு இத்தனை கூர்மையான உதாரணம் ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை.

முதலில் செய்தியைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். காசநோயை உண்டாக்கும் கிருமியை ராபர்ட் கோக் 1882 மார்ச் 24ஆம் நாள் பெர்லினில் உலகுக்கு அறிவித்தார். அக்கிருமியின் மரபுப் பிரதி முழுவதும், அதாவது ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகள், எழுத்துக்கு எழுத்தாகப் படித்து முடிக்கப்பட்டது 1998இல். படித்தவர்கள் இங்கிலாந்தின் சாங்கர் மையத்தாரும் பாரிஸின் பாஸ்தர் நிலையத்தாரும். (1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த எங்கள் காரைக்காலில் பாஸ்தர் என்ற பெயரைப் பெரியவர்கள் 'பஸ்தேர்' என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன்.) அவர்கள் படித்த கிருமி வகை 1905இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டு ஆய்வுக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டு வந்ததாகும். அதில் ஏறத்தாழ நாலாயிரம் ஜீன்கள் இருந்தன. நூற்றுக்கு நாற்பது ஜீன்களின் பணியை உறுதியாகச் சொல்ல முடிந்தது. மற்றொரு நாற்பத்து நான்கைப் பற்றி ஏதோ ஓரளவு சாயல் தெரிந்தது. மீதிப் பதினாறு, அன்றுவரை அறியப்பட்ட எதனையும் ஒத்திருக்கவில்லை.

ஒரு பிரதியை முழுதும் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுப் பொருள் தெரியாமல் விழிக்கும் இந்நிலையை எண்ணி நாம் நகைக்க வேண்டியதில்லை. நம் மக்தபுகளில் அரபு எழுத்தைச் சரளமாக ஓதிவிட்டுப் பொருள் கேட்டால் விழிக்கும் பிள்ளைகளில் ஒருவனாக நானும் இருந்தவன்தான்.

பொருள் தெரியாத சொல் ஒன்று, வாக்கியத்துக்கு இன்றியமையாதது என்று எப்படித் தெரிந்தது? இதைத்தான் அப்பெண் தன் தந்தையின் படகைக் காட்டி எனக்கு விளக்கினாள். கிருமியின் மரபுப் பிரதிக்குள் எங்கு வேண்டுமானாலும் தாவிச் சென்று செருகிக்கொள்ளும் துணுக்கு ஒன்று உண்டு. அது எந்த ஜீனுக்குள் செருகிக்கொள்கிறதோ அந்த ஜீன் பாழாகும். லட்சக்கணக்கான கிருமிகளுக்குள் இத்துணுக்கைச் செலுத்தினால் ஒவ்வொன்றிலும் ஒவ்வோரிடம் பாழாகும். அதன்பின் உயிர் பிழைத்து வளர்ந்தவற்றை மட்டும் சேகரித்து, எங்கெங்கே துணுக்கு செருகியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். கரைக்குத் திரும்பி வந்த படகுகளையெல்லாம் வரிசையாகக் கவிழ்த்து ஓட்டைகளைக் குறித்துக்கொண்டு வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அணியத்தில் ஓட்டையுள்ள படகு உண்டு, விளிம்பில் ஓட்டையுள்ளது உண்டு. ஆனால் ஓரிடத்தில் மட்டும், எத்தனை படகுகளைப் பார்த்தாலும், ஓட்டையே இல்லை. அந்த இடம் மிகவும் உறுதியானது என்றா கொள்வது? இல்லை, அங்கே ஓட்டை விழுந்த படகு கரைக்குத் திரும்பவில்லை. இவ்வாறு திரும்பி வந்தவற்றைக் கொண்டு திரும்பாதவற்றைப் பற்றித் தெரிந்துகொள்கிறார்கள். 2003ஆம் ஆண்டு ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்த வழியில் காசநோய்க் கிருமிக்கு இன்றியமையாத ஜீன்கள் 600க்கும் மேல் உண்டென்று பட்டியலிட்டனர். அப்பட்டியலில் பணி தெரியாதவையும் பல இருந்தன.

அவள் ஆராயும் ஜீன் உண்டாக்கும் புரதம் கிருமியின் சவ்வில், அதாவது உயிரணுவைச் சூழ்ந்த எண்ணெய்ப் படலத்தில் பதிந்து நிற்பது என்பது மட்டும் தெரியும். நீரை வெறுத்து எண்ணெயை நாடும் அமினோ அமிலங்கள் இருபது இருபதாகச் சேர்ந்து வரும் இடங்கள் ஒரு புரதத்தில் இருந்தால், அது சவ்வை ஊடுருவி நிற்கும் என்று எழுத்து வரிசையைப் பார்த்தே சொல்லிவிடலாமாம். ஆகவே ஆள் வாசலில் நிற்கிறான் என்பது தெரிகிறது. காவல்காரனா, சுமைகூலியா, தூதுவனா, வாசற்காலைத் தாங்கி நிற்பவனா என்பதுதான் தெரியவில்லை.

இனி என் துறைக்கு வருகிறேன். அரபுத் தர்க்க நூல்கள் சான்றினை இரண்டாகப் பிரிக்கின்றன. காரணத்திலிருந்து காரியத்துக்குச் செல்வது 'புர்ஹான் லிம்மீ'. 'லிம' என்றால் 'ஏன்'. காரியத்திலிருந்து காரணத்துக்குச் செல்வது 'புர்ஹான் இன்னீ'. 'இன்ன' என்பது 'திண்ணமாக உண்டு' என்னும் உறுதிச் சொல். முன்னது ஒன்று ஏன் அவ்வாறிருக்கிறது என்பதைக் காட்டும். பின்னது அவ்வாறிருக்கிறது என்பதை மட்டும் நிறுவும். தமிழிலும் இப்பாகுபாடு உண்டு. மணிமேகலையில் சமயக் கணக்கர் தத்தம் கொள்கையை உரைக்கும் காதையில், அனுமானம் முதல், எச்சம் என்றெல்லாம் வகுக்கப்படுகிறது. கருமுகிலைக் கண்டு மழை வரும் என்பது முதல். வெள்ளத்தைக் கண்டு மேற்புறம் மழை பெய்தது என்பது எச்சம். காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு இரண்டாவதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆற்றில் புதுவெள்ளத்தின் செந்நிறம் கண்டதும் மேற்கே மழை என்று தெரிந்துகொள்கிறோம். எந்த மலையில், எந்த இரவில் பெய்தது என்பதெல்லாம் தெரியாமலே அது உறுதியான அறிவாகிவிடுகிறது.

தர்க்கவாதிகள் லிம்மீயை உயர்ந்ததென்றும் இன்னீயைத் தாழ்ந்ததென்றும் தரம் பிரித்தார்கள். நெடுங்காலம் நானும் அப்படியே கற்பித்து வந்தேன். இத்தர வரிசையைப் பற்றி எனக்கு இப்போது ஐயம் எழுந்திருக்கிறது. அதற்குக் காரணம் ஜீன் மட்டுமன்று, என் சொந்த உடம்பும்தான்.

1991ஆம் ஆண்டு, மத்ரஸா மாணவனாக இருந்தபோது, எனக்கு மார்பில் காசம் கண்டது. மாலையானால் காய்ச்சல், இரவில் வியர்வை, சளியில் ஒருநாள் இரத்தம். ஊர் பெயரோ மத்ரஸாவின் பெயரோ இங்கு வேண்டாம். என் உணவுத் தட்டும் குவளையும் தனியாக்கப்பட்டுச் சமையற்கட்டின் வெளித்திண்ணையில் வைக்கப்பட்டன. அதற்கு ஒரு காரணமும் சொல்லப்பட்டது: எச்சில் பட்ட பாத்திரத்தால் நோய் தொற்றும், மேலும் அது குடும்பத்து இரத்தத்தில் வருவது என்று. இரண்டும் பொய். இந்நோய் இருமும்போது காற்றில் பரவுவது; தட்டிலும் குவளையிலும் பரவுவதன்று. நான் இருமிக்கொண்டே எல்லாருடனும் ஒரே கூடத்தில் அமர்ந்து பாடம் கேட்டுவந்ததை எவரும் பொருட்படுத்தவில்லை. தட்டை மட்டும் தனியாக்கினார்கள்.

அந்நாட்களில்தான் எங்கள் தர்க்க ஆசிரியர் இன்னீ, லிம்மீ பாடத்தை நடத்தினார். நூலில் இவ்விரண்டுக்கும் காட்டப்படும் பழைய உதாரணமே காய்ச்சல்தான் என்பதை அறிந்தவர்கள் அறிவார்கள். உடலின் தாதுநீர்கள் அழுகுவதே காய்ச்சலுக்குக் காரணம் என்பது பண்டைய யூனானி மருத்துவக் கொள்கை. ஆகவே, 'இவனுடைய தாதுநீர்கள் அழுகியிருக்கின்றன, ஆதலால் இவனுக்குக் காய்ச்சல்' என்பது லிம்மீ. 'இவனுக்குக் காய்ச்சல், ஆதலால் இவனுடைய தாதுநீர்கள் அழுகியிருக்கின்றன' என்பது இன்னீ. ஆசிரியர் பாடத்தை நடத்திக்கொண்டே என் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "காய்ச்சல் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. மற்றதை டாக்டரிடம் கேட்போம்" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அதிலிருந்த பாடம் விளங்க எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

நூற்றாண்டுகளாகப் பல நாட்டு மத்ரஸாக்களில் மனப்பாடம் செய்யப்பட்ட அந்த லிம்மீ, வடிவத்தில் குற்றமற்றது. ஆனால் அதன் காரணம் தவறு. தாதுநீர் அழுகுவதால் காய்ச்சல் வருவதில்லை. நெற்றியில் வைத்த கை மட்டும் தவறவில்லை. 'ஏன்' என்று தெரிந்துவிட்டதாக எண்ணியதால் எத்தனை நோயாளிகளின் இரத்தம் வீணே வடிக்கப்பட்டது என்பதை மருத்துவ வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். 'காய்ச்சல் உண்டு, ஏனென்று தெரியாது' என்று நின்றிருந்தால் அந்த இரத்தமாவது மிஞ்சியிருக்கும்.

என்னைக் குணப்படுத்திய மாத்திரைகளின் கதையும் இதைச் சேர்ந்ததுதான். அவற்றுள் ஒன்று ஐசோநயசிட். காசநோய்க்கு அம்மருந்து பயன்படத் தொடங்கியது 1952இல். 1956இல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. அங்கே வாலஸ் ஃபாக்ஸ் என்பாரின் தலைமையில் ஒரு பெரும் சோதனை நடந்தது. 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் கொடுத்து வைத்தனர். மற்றோரை நெருக்கமான தத்தம் ஏழை வீடுகளிலேயே இருக்கச் செய்து அதே மருந்துகளைக் கொடுத்தனர். மருந்து, ஐசோநயசிட்டும் பாஸும். 1959இல் முடிவு வெளியானபோது உலகம் வியந்தது. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தனர். அவர்களுடன் ஒரே வீட்டில் வாழ்ந்த உறவினருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவுமில்லை. சானடோரியங்கள் மூடப்படலானதற்கு இச்சென்னைச் சோதனை ஒரு பெருங்காரணம். இத்தனையும் நடந்தபோது ஐசோநயசிட் கிருமியின் எந்த உறுப்பைப் பிடித்து அதைக் கொல்கிறது என்பது எவருக்கும் தெரியாது. கிருமியைப் போர்த்தியிருக்கும் மெழுகு உறையின் உற்பத்தியை அது தடுக்கிறது என்பது 1970களில்தான் தெளிவாயிற்று. அது பற்றும் புரதத்துக்குரிய ஜீன் இன்னதென்று கண்டது 1994இல். நான் அம்மாத்திரையை விழுங்கி, உடன் கொடுத்த மற்றொரு மாத்திரையால் சிறுநீர் செந்நிறமாவதைக் கண்டு அஞ்சிய 1991ஆம் ஆண்டில், என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது வெறும் இன்னீ.

சென்னையில் 1959இலேயே நிறுவப்பட்ட செய்தி, 1991இல் எங்கள் சமையற்கட்டை எட்டியிருக்கவில்லை. அச்செய்தியோடு வருவதற்கு ஒரு 'ஏன்' இல்லாமற்போனதுதான் காரணமோ என்று இப்போது எண்ணுகிறேன். தட்டைத் தனியாக்கியவர்களிடம், பொய்யானாலும், ஒரு காரணம் இருந்தது. மனித மனம் காரணமற்ற உண்மையைவிடக் காரணமுள்ள பொய்யை எளிதில் ஏற்றுக்கொள்கிறது.

பணி தெரியாத சவ்வுப் புரதங்களுக்குத் திரும்புவோம். 1998இல் காசநோய்க் கிருமியின் பிரதியைப் படித்தவர்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய சவ்வுப் புரதங்களைக் கண்டு, ஒன்று, இரண்டு என எண்ணிட்டனர். எம்எம்பிஎல் என்பது குடும்பப் பெயர். 'மைக்கோபாக்டீரியத்தின் சவ்வுப் புரதம், பெரியது' என்பதற்கு மேல் அப்பெயருக்குப் பொருளில்லை. நெட்டையன் என்று ஒருவனுக்குப் பெயர் வைப்பதைப் போன்றது. 2005இல் ஆய்வாளர்கள் பதின்மூன்றில் பதினொன்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தனர், கிருமி வாழ்ந்தது. மூன்றாம் எண்ணுடையதை மட்டும் நீக்க முடியவில்லை. என்ன செய்கிறது என்று அன்று தெரியாது. 2012இல்தான் விடை கிடைத்தது. கிருமியின் மெழுகு உறைக்கு வேண்டிய மைக்காலிக் அமிலம் உள்ளே தயாராகி, ஒரு சர்க்கரையின் முதுகில் ஏறி, சவ்வைத் தாண்டி வெளியே போக வேண்டும். தாண்டவைக்கும் சுமைகூலி அந்த மூன்றாம் எண்தான். அதைக் கண்டதும் நேர்வழியில் அன்று. கிருமியைக் கொல்லும் சில புதிய மருந்துப் பொருள்களுக்குப் பணியாத கிருமிகளைத் தேடியெடுத்து, அவற்றின் பிரதியில் எங்கே மாறுதல் என்று பார்த்தபோது எல்லாம் அந்த ஜீனையே சுட்டின. கொல்லும் மருந்து முன்னே வந்தது, கொல்லப்படுவதன் பணி பின்னே தெரிந்தது.

இக்கதையில் நான் தங்கி நிற்பது மற்றோரிடத்தில். நீக்கியும் கிருமி வாழ்ந்தது என்றேனே, அந்தப் பதினொன்றும் வேண்டாதவையா? ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் கலத்தில், வேளாவேளைக்கு உணவு கொடுக்கப்பட்டபோது வேண்டாதவை. அவற்றுள் சிலவற்றை இழந்த கிருமிகளைச் சுண்டெலியின் உடம்பில் செலுத்தியபோது அவை நலிந்துபோயின. எனவே 'அவசியமற்றது' என்ற தீர்ப்பை எழுதுகிறவர், எந்த இடத்தில், எந்தக் காலத்தில் என்பதையும் சேர்த்து எழுதக் கடமைப்பட்டவர். குடும்பங்களில், ஜமாஅத்துகளில், அலுவலகங்களில் 'இவரால் என்ன பயன்' என்று ஆள் கணக்கெடுப்போரும் தாம் எந்தக் கண்ணாடிக் கலத்தில் வைத்துக் கணக்கெடுக்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நன்று. வீட்டு மூலையில் இருக்கும் மூதாட்டி எதற்கென்று கேட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அவர் மறைந்தபின் அண்ணனும் தம்பியும் பேசாமற்போன வீடுகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று என்னால் நிறுவ முடியாது. நிறுவ முடியாததை உறுதியாகச் சொல்லவும் மாட்டேன்.

இதைவிட வியப்பான சோதனை அமெரிக்காவில் நடந்தது. கிரெய்க் வெண்டரின் நிலையத்தார் 2010இல் மிகச்சிறிய பாக்டீரியம் ஒன்றின் மரபுப் பிரதி முழுவதையும் வேதிப்பொருள்களிலிருந்து தாமே எழுதி, வேறொரு உயிரணுவுக்குள் வைத்து வாழச் செய்தனர். அடுத்து, அதில் வேண்டாதவற்றையெல்லாம் நீக்கி, உயிர் வாழ்வதற்குக் குறைந்த அளவு எத்தனை ஜீன்கள் வேண்டும் என்று காண முனைந்தனர். அன்றுவரை உலகம் அறிந்திருந்த அறிவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பிரதியை வரைந்தனர். அது உயிர் பெறவில்லை. பிறகுதான் முன்சொன்ன துணுக்கு செருகும் முறையால், நீக்கலாகாதவை எவையென்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தனர். 2016இல் வெளியான இறுதிப் பிரதியில் 473 ஜீன்கள் இருந்தன. அவற்றுள் 149இன் பணி இன்னதென்று திட்டமாகச் சொல்ல முடியவில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு!

இடையில் அவர்கள் கற்ற பாடம் ஒன்றும் குறிப்பிடத்தக்கது. ஒரே பணியைச் செய்யும் ஜீன்கள் இரண்டு இருந்தால், எதை நீக்கினாலும் உயிரணு வாழும். ஆகவே இரண்டும் 'வேண்டாதவை' பட்டியலில் ஏறும். பட்டியலை நம்பி இரண்டையும் நீக்கினால் உயிரணு மடியும். ஒவ்வொன்றாகப் பார்த்தபோது உண்மையாக இருந்த தீர்ப்பு, சேர்த்துப் பார்த்தபோது பொய்யாயிற்று. தர்க்க வகுப்பில் இதனை மாணவருக்குச் சொல்லிவருகிறேன்.

அந்தச் சிற்றுயிர் வாழ்ந்ததே தவிர ஒழுங்காகப் பிரியவில்லை. பிரியும்போது சிறிதும் பெரிதுமாக, நூல் போலவும் பலூன் போலவும் உருக்குலைந்தது. 2021இல் வெளியான ஆய்வில், நீக்கிய ஜீன்களுள் ஏழினைத் திரும்பச் சேர்த்தால் பழையபடி ஒரே சீராகப் பிரிகிறது என்று கண்டனர். அவ்வேழில் இரண்டு, பிரிதலுக்குரியவை என்று முன்பே அறியப்பட்டவை. மற்றொன்று எதை வெட்டுகிறது என்று தெரியாத ஒரு நொதி. எஞ்சிய நான்கும், வாசகர்கள் ஊகித்திருப்பார்கள், பணி தெரியாத சவ்வுப் புரதங்கள். ஏழும் கூடினால்தான் பலன்.

இந்த 149 என்ற எண்ணைக் கேட்டவுடன் நம்மவர் சிலருக்கு உற்சாகம் பிறக்கும் என்பதை அறிவேன். 'பார்த்தீர்களா, விஞ்ஞானம் தோற்றது. இறைவனின் இரகசியம் இது' என்று மேடையில் முழங்குவதற்கு இது வாய்ப்பானது. அன்புகூர்ந்து அவ்வாறு செய்யாதிருக்க வேண்டுகிறேன். 2005இல் எம்எம்பிஎல்-3ஐ வைத்து அப்படி முழங்கியிருந்தால் 2012இல் என்ன சொல்லியிருப்போம்? மனிதனின் அறியாமையில் ஆண்டவனுக்கு இடம் பிடிப்பவர்கள், அறிவு வளருந்தோறும் அவ்விடத்தைக் காலி செய்து கொடுத்துக்கொண்டே போக நேரும். இறையியலாளர்களான முன்னோர், உலகம் இயங்கும் ஒழுங்கைச் சான்றாகக் கொண்டார்களேயன்றித் தம் புரியாமையைக் கொண்டதில்லை. அதேபோல, 'பயன் தெரியவில்லை, ஆகவே பயனில்லை' என்று துணியும் மறுசாராரின் அவசரமும் எனக்கு உடன்பாடன்று. இரு தரப்பினரும் ஒரு வெற்றிடத்தைக் கண்டு பொறுக்கமாட்டாமல் ஆளுக்கொரு பெயர்ப் பலகையை மாட்டுகிறார்கள்.

வெற்றிடத்தை வெற்றிடமாகவே, ஆனால் ஒழுங்காகப் பதிவு செய்து வைப்பதற்கும் ஒரு கலை வேண்டும். நம் ஹதீஸ் கலை அறிஞர்கள் அதில் வல்லவர்கள். செய்தி அறிவிப்பவர்களைத் தரம் பிரிக்கும்போது நம்பகமானவர், பலவீனமானவர், பொய்யர் என்பதோடு நில்லாமல் 'மஜ்ஹூல்', அறியப்படாதவர், என்று ஒரு தனி வகுப்பு வைத்தனர். அதிலும் பிரிவு கண்டனர். ஒருவரிடமிருந்து ஒரே ஒரு மாணவர் மட்டும் அறிவித்திருந்தால் ஆளே அறியப்படாதவர். இருவரோ பலரோ அறிவித்திருந்தும் அவருடைய நம்பகத்தைப் பற்றி எவரும் கூறவில்லையெனில் நிலை அறியப்படாதவர். அறியப்படாதவரின் செய்தியை ஆதாரமாகக் கொள்ளத் தயங்கினார்கள். அதற்காக அவரைப் பொய்யர் பட்டியலில் சேர்க்கவுமில்லை. இதை நான் சொன்னபோது அப்பெண் வியந்துவிட்டாள். அவர்களுடைய அட்டவணைகளிலும் ஏறக்குறைய இப்படித்தானாம். ஓர் உயிரினத்தில் மட்டும் காணப்பட்டுப் பணி தெரியாத புரதத்துக்கு ஒரு குறியீடு. பல உயிரினங்களில் மாறாமல் காணப்பட்டும் பணி தெரியாததற்கு வேறொரு குறியீடு.

அவர்களுக்கும் நமக்கும் பொதுவான ஒரு நோயும் உண்டு என்றாள். புதிதாக ஒரு கிருமியின் பிரதியைப் படித்ததும், கணினி அதன் ஜீன்களை ஏற்கனவே பெயரிடப்பட்டவற்றோடு ஒப்பிட்டு, சாயல் இருந்தால் அதே பெயரைச் சூட்டிவிடுகிறது. முதலில் வைத்த பெயர் தவறாக இருந்தால் அத்தவறு பிரதியிலிருந்து பிரதிக்குப் பரவும். நூறு இடங்களில் காணப்படுகிறதே என்று நம்பினால், நூறும் ஓரிடத்திலிருந்து வந்த நகல்களாக இருக்கும். இஸ்னாதைச் சோதியாமல் செய்தியை எடுத்தாளும் நம் சொற்பொழிவாளர்களை நினைத்துக்கொண்டேன். 2010இல் நம் நாட்டின் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் குழு, திறந்தமுறை மருந்துக் கண்டுபிடிப்புத் திட்டத்தின் கீழ் நூற்றுக்கணக்கான கல்லூரி மாணவர்களைத் திரட்டி, காசநோய்க் கிருமியின் ஜீன் ஒவ்வொன்றுக்கும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்து, உண்மையில் என்ன தெரியும் என்று திரும்ப எழுதச் செய்தது. அது ஒருவகையில் இஸ்னாதைத் திரும்பச் சோதித்த வேலைதான்.

தெரியாத ஒன்றின் மீது கை வைக்கலாமா என்ற கேள்வி எஞ்சுகிறது. கிருமியைக் கொல்ல வேண்டுமென்றால் அதற்கு இன்றியமையாததையே குறிவைக்க வேண்டும். பணி தெரியும்வரை காத்திருந்தால் நோயாளி காத்திருக்க மாட்டார். ஐசோநயசிட் நாற்பதாண்டு காத்திருந்திருக்குமானால் நான் இதை எழுத இருந்திருக்க மாட்டேன். ஆகவே 'அறியாததைத் தொடாதே' என்பது நற்குணமாகத் தோன்றினும் சரியான விதியாகாது. இன்னீயின் அளவுக்குச் செயல்படலாம். அதற்கு மேல் பேசக்கூடாது. மருந்து கொல்கிறது என்று கண்டால் கொடுக்கலாம். இன்னதால் கொல்கிறது என்று காணாமல் சொல்லலாகாது. சமையற்கட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே காணாத காரணத்தின்மேல் ஒரு தீர்ப்பு எழுந்தது. அத்தட்டை நான் இன்றும் மறக்கவில்லை. ஓரத்தில் நசுங்கிய ஈயத் தட்டு. குணமடைந்து கூடத்துக்குத் திரும்பிய பிறகும் பல மாதம் யாரும் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை.

தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருக்கையில் அவள் மீண்டும் என்னிடம் வந்தாள். தான் படித்த பள்ளியில் தமிழில் ஓர் உரை நிகழ்த்த வேண்டும், அவளுடைய ஜீனுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டாள். 'பணி அறியாப் புரதம்' என்று அவளே எழுதியிருந்தாள். அறியாதது யார் என்ற குழப்பம் அதில் இருக்கிறது, தன் பணியைப் புரதம் அறியாதிருக்கிறது என்றும் பொருள்படும், அறியாதவர்கள் நாம்தாம் என்றேன். 'பணி அறியப்படாத புரதம்' என்று திருத்தினோம். அவளுக்கு அது நீதிமன்ற ஆவணம்போல் தோன்றியது. பிறகு நான் 'பணி இன்னும் தெரியாத புரதம்' என்று எழுதிக் கொடுத்தேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "'இன்னும்' என்று போட்டால் ஒருநாள் தெரிந்துவிடும் என்று வாக்குக் கொடுத்த மாதிரி ஆகாதா சார்?" என்று கேட்டு, என் பேனாவை வாங்கி அச்சொல்லை மட்டும் அடித்தாள்.